ஜெக்கரியாவின் கட்டைவிரல்

"முதல்ல எம்சீல். அது இல்லாம கடையத் தொறக்காத. கறுப்பு ஒரு துண்டு, வெள்ளை ஒரு துண்டு, ரெண்டும் சரிக்குச் சரி. எச்சியத் தொட்டுப் பிசையாதடா, ஒம் பழக்கம் எனக்குத் தெரியும். தண்ணியத் தொட்டுப் பிசை."

வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பட்டறையில் ஆயில் இன்ஜின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜாஃபர் சாதிக்கின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றுவிட்டது. பகல் இரண்டு மணி. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. உப்பங்காற்று மட்டும் அலையாத்திக் காட்டின் சேற்று வாடையைத் தூக்கிக்கொண்டு வந்து தகர ஷெட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பறம் பார் சோப். பெட்ரோல் டேங்க் ஒழுகுனா எறக்கிக் கழட்டிக்கிட்டு நிக்காத. சோப்ப எடுத்து வெளியில அழுத்தித் தேயி. ரெண்டு நாளைக்கித் தாங்கும்."

ஜாஃபர் அப்போது கையை நீட்டியது சோப்புக்குத்தான். சத்தியமாகச் சோப்புக்குத்தான். நீட்டிய கையை நெருப்பைத் தொட்டவன் மாதிரி மடியில் வைத்துக்கொண்டான்.

குரல் அவனுடைய அண்ணன், ஜெக்கரியா காக்காவின் குரல். சவுதியில் தம்மாமிலிருந்து போன ரமலானுக்கு ரூம்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய காசெட். பட்டறையில் என்னென்ன எப்போதும் இருக்கவேண்டும், எதை எதற்குப் போடவேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கத் தம்பிக்குச் சொல்லியிருந்தார். பெண்டாட்டிக்கென்று தனியாக ஒரு வார்த்தை இல்லை. வெட்கங்கெட்ட வெட்கம் அந்த மனுஷனுக்கு! ரூமில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அனீஸாவிடம் என்ன பேசுவது என்று விட்டுவிட்டார். அதனால் அனீஸாவிடம் இருந்தது சோப்பும் சணலும் சபேதாவும் பற்றிப் பேசுகிற புருஷன்தான். அவரைத்தான் பேட்டரி போட்டு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேட்டரி இறங்கிப்போய் வார்த்தைகள் இழுத்து இழுத்து வந்தன.

ஜெக்கரியா மவுத்தாகி அன்றோடு பன்னிரண்டு நாள்.

கட்டட வேலையில் சாரம் சரிந்து மூன்று பேர். அங்கேயே அடக்கிவிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்துக்கு வந்த போனில் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குச் சேதி சொன்னார்கள், பின்னால் அரபியில் ஒரு காகிதமும் ஃபேக்ஸில் வந்தது. ஊர் மொத்தமும் நம்பிவிட்டது. பெற்ற உம்மா மெஹராஜ் பேகம்கூட நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுது, மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி, நம்பிவிட்டாள். நம்பாதவள் அனீஸா ஒருத்திதான். அவள் நம்பாததற்குக் காரணம் ஜாஃபர். அது அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஜெக்கரியாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எம்சீல் வைத்து எதை அடைத்தாலும், தண்ணீர் தொட்டு வழவழவென்று நீவி முடித்துவிட்டு, கடைசியாக இடது கைக் கட்டைவிரலை அதில் ஒரு அழுத்து அழுத்துவார். பதினெட்டு வயதில் ஹாக்ஸா பிளேடு வழுக்கி அந்த விரலில் சாய்வாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. ரேகையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும் தழும்பு. எம்சீல் இறுகிய பிறகு அந்தக் குழியும் தழும்பும் கல்லில் வெட்டியது போல நிற்கும். சும்மா விளையாட்டுக்கு ஆரம்பித்ததுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் கட்டைவிரல் வைத்த இடம் ஒழுகாது என்று பேர் வந்துவிட்டது.

அவர் சவுதிக்குப் போனதும் பட்டறை ஜாஃபர் கைக்கு வந்தது. வேலையில் குறை சொல்ல முடியாது, அண்ணனுக்குச் சளைத்தவன் இல்லை. ஆனால் ஜனங்கள் விட்டால்தானே! மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் வெயில் குடித்தது போக ஒரு முழம்தான் மிஞ்சும். அதை வாய்க்காலிலிருந்து வயலுக்கு ஏற்ற இன்ஜின் வேண்டும். இன்ஜின் நின்றால் நாற்று கருகும். அந்தப் பதட்டத்தில் வருகிறவர்களுக்குக் கட்டைவிரல் இல்லாமல் தூக்கம் வராது.

ஆற்றுக்கு மேற்கே மூன்று மா நிலம் வைத்திருக்கும் தங்கையன் ஒருநாள் சரிசெய்த பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய அப்பா பண்ணையில் அடிமையாகக் கிடந்தவர். இவர் சொந்த நிலத்தில் சொந்த இன்ஜின் வைத்திருக்கிறவர். அந்த இன்ஜின்மேல் அவருக்கு உயிர்.

"ஏம் மாப்ள, விரலு வைக்கலியே?"

"அது காக்கா விரல் மாமா. அவுக தம்மாம்ல இருக்காக. நான் எங்கேருந்து வைக்கிறது?"

"அப்ப ஒழுகுமா?"

"ஒழுகாது மாமா, நான் கேரண்டி."

"நீ சொல்ற. அது சொல்லலியே," என்று வெறும் எம்சீலைத் தட்டிக் காட்டிவிட்டு, மனமில்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனார்.

இப்படியே நாலு பேர். ஐந்தாவது ஆள் பம்பைத் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்கே போய்விட்டான். அன்றைக்கு ஜாஃபருக்கு அந்த யோசனை வந்தது. பழைய இரும்போடு கிடந்த ஒரு பம்பு ஃபுட்வால்வில் அண்ணன் வைத்த விரல் குழி அப்படியே இருந்தது. குழிக்குள் கிரீஸை மெல்லிசாகத் தடவி, புது எம்சீலைப் பிசைந்து உள்ளே திணித்து, மேலே ஒரு போல்ட்டைக் கைப்பிடியாகச் சொருகி, ஒரு பகல் விட்டுவைத்தான். மறுநாள் ஆட்டி எடுத்தபோது கையோடு வந்தது காக்காவின் கட்டைவிரல். நகம் இல்லாத, சாம்பல் நிறப் பாதி விரல். ரேகை இருந்தது. தழும்பு இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு தண்ணீரில் தொட்டு, ஒரு பழைய பம்பில் வைத்து அழுத்தினான். அச்சு அசல்.

தங்கையன் அடுத்த தடவை வந்து பார்த்துவிட்டு, "ஒங்க அண்ணன் வந்திருக்காரா?" என்றார். ஜாஃபர் சிரித்து மழுப்பினான். விரலை சபேதா டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். சபேதாவைச் சணலில் தடவித்தான் குழாய் மரையில் சுற்றுவார்கள். ஒட்டினால் லேசில் போகாது என்பதால் அந்த டப்பாவை வேறு யாரும் தொடமாட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மவுத்துச் சேதி வந்த அந்தக் காலை வரைக்கும். உம்மா தொழுகைக்கு ஒலு எடுக்கிற கிண்டியின் மூக்கு ஆடுகிறது என்று அனீஸா கொடுத்தனுப்பியிருந்தாள். ஒன்பது மணிக்கு அதை அடைத்தான். வீட்டுச் சாமானுக்கு எதற்கு விரல்? கேட்டால் அவனுக்கே தெரியாது. கைப்பழக்கம். நீவி முடித்ததும் கை தானாக சபேதா டப்பாவுக்குப் பின்னால் போயிற்று. அழுத்தினான், உள்ளே அனுப்பினான். பத்து மணிக்கு ஜமாஅத்திலிருந்து நாலு பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

பெண்கள் கூடிவிட்டார்கள். கருகமணியை எடும்மா, இத்தாவில் உட்காரணும் என்று ஒருத்தி சொன்னாள். அனீஸா அழவே இல்லை. ஒலு எடுத்துவிட்டு வருகிறேன் என்று கிண்டியைத் தூக்கினாள். அப்புறம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முக்காடுகூட நழுவியது தெரியாமல் வாசல்வரை வந்தாள்.

"யாரு சொன்னா மவுத்துன்னு? இங்க பாருங்க. இன்னிக்கிக் காலையில வச்ச விரல். நகத்த வச்சாப் பதியுது, ஈரம் காயல! அவுக இங்கதான் இருக்காக."

நாற்பது பேர் பார்த்தார்கள். ஜாஃபரும் பார்த்தான். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். கூட்டத்தில் தங்கையனும் இருந்தார், விரல் வைத்த பம்பு வாங்கிப்போன இன்னும் ஆறேழு பேரும் இருந்தார்கள். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை ஜாஃபர் முழுங்கினான். கோழை என்றால் கோழைதான், வேறென்ன பேர் வைப்பது?

அதற்கப்புறம் வீட்டில் சாமான்கள் உடைய ஆரம்பித்தன. மறுநாள் குடைப்பிடி. அதற்கடுத்த நாள் ஸ்டவ் கால். சோப்பு டப்பா, பீங்கான் தட்டு, பூட்டு. ஒவ்வொன்றும் பட்டறைக்கு வரும். ஒட்டி உள்ளே அனுப்பினால், விரல் இல்லை என்றால் சாயங்காலத்துக்குள் அது மறுபடி உடைந்து வரும். விரல் வைத்தால் வராது. ஸ்டவ் காலைத் திருப்பிப் பார்த்தபோது அதில் சுத்தியல் அடித்த தடம் இருந்தது. உடைப்பது யார் என்று ஜாஃபருக்குப் புரிந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் விரலை எடுத்தான். தகர ஷெட்டின் வெயிலில் கிடந்து அது சுட்டுக்கொண்டிருந்தது. வெயில் சூடுதான். ஆனாலும் காய்ச்சல்காரன் கையைத் தொட்டது போல இருந்தது.

இப்போது சுவருக்குப் பின்னால் காசெட் ஓடி நின்றது. பின்பக்க வாசல் வழியாக உம்மா வந்து, கவிழ்ந்து கிடந்த இன்ஜினுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"என்ன உம்மா, சாப்பிட்டாச்சா?"

"எங்கேருந்து சாப்புடுறது? கொடுவா மீன் ஆணம் காச்சியிருக்கா. ரெண்டு தட்டுல சோறு போட்டிருக்கா. ஒண்ணுக்கு எதுத்தாப்ல ஒக்காந்து பேசிக்கிட்டே திங்கிறா. அந்தத் தட்ட எடுத்தா என்னையக் கடிக்க வர்றா."

"என்ன பேசுறாக?"

"என்னத்தப் பேசுவா? இன்னிக்கி என்ன ஒடஞ்சிச்சு, யாரு ஒட்டுனா, அதான். எனக்கே பயமா இருக்குடா ஜாஃபரு. அவ பேசிட்டு நிறுத்துறா பாரு, பதில் கேக்குற மாதிரி, அப்ப எனக்கும் காது கூர்மையாயிருது. பெத்த வயிறுல்ல! நானும் கேக்குறேன்."

ஜாஃபர் இன்ஜினின் நட்டு ஒன்றைத் திருகினான்.

"வெள்ளிக்கிழமை அவ மாமு பக்கீர் முகம்மது காரு கொண்டாறாராம். ஜும்ஆ முடிஞ்சதும் கூட்டிக்கிட்டுப் போறதாம்."

"எங்க?"

"எங்கன்னு கேக்குறியே. தர்காவுக்குத்தான். அங்க மரத்துல சங்கிலி போட்டு வச்சிருப்பாகளாம். நாப்பது நாள்ல தெளிஞ்சிருமாம்." உம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "தெளியாதவுகளையும் நான் பாத்திருக்கேண்டா. கணுக்கால்ல புழு வச்சுப்போயி. இருவத்தாறு வயசுப் புள்ள. அவளுக்குப் பைத்தியமுமில்ல, பேயுமில்ல. அந்த விரல்தான் அவளப் புடிச்சிருக்கு. அது எப்புடி வருதுன்னு தெரிஞ்சாத் தேவல."

அன்று புதன். வியாழக்கிழமை காலையிலிருந்து ஜாஃபர் ஒரு வேலையும் செய்யவில்லை. சொன்னால் பட்டறையின் பேர் போகும், சுற்றுவட்டாரமே காறித் துப்பும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மச்சியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? காக்காவின் மனைவியை மச்சி என்றுதான் கூப்பிடுவான். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. அவன் சட்டையில் கிரீஸ் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் துவைத்துக் கொடுத்தவள். அவளிடம் போய், நீ பேசிக்கொண்டிருப்பது ஒரு போல்ட்டோடு என்று சொல்வதா?

மதியம் லுஹர் பாங்கு சொல்லி முடிந்ததும் எழுந்தான். விரலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். உள்ளே போனால் அனீஸா முற்றத்தில் உட்கார்ந்து முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் சுத்தியலை மறைக்கவில்லை.

"வா ஜாஃபரு. இத ஒட்டணும்."

"மச்சி, கையக் காட்டுங்க."

அவள் நீட்டினாள். அவன் அதில் வைத்தான். கொஞ்சநேரம் அவளுக்கு அது என்னவென்று புரியவில்லை. பிறகு தன் கட்டைவிரலால் அந்தத் தழும்பை மேலிருந்து கீழே தடவினாள். தெரிந்த தழும்பு, கண்ணை மூடிக்கொண்டே தடவினாள்.

"இது எப்ப செஞ்ச?"

"காக்கா சவுதி போன மூணாவது மாசம். விரல் இல்லாம யாரும் சாமான் எடுக்கல மச்சி."

"அப்ப கிண்டி?"

"நாந்தான்."

"குடை?"

"நாந்தான்."

"ஸ்டவ்வு? தட்டு?"

"எல்லாமே நாந்தான் மச்சி. என்னைய அடிங்க. செருப்பால அடிங்க."

அவள் அடிக்கவில்லை. விரலை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். முற்றத்து வெயில் அவள் காலடியிலிருந்து சுவர்வரை நகர்கிற நேரம் அப்படியே இருந்தாள். உம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  அப்புறம்தான் அனீஸா அழுதாள். பன்னிரண்டு, பதின்மூன்று நாள் சேர்த்து வைத்த அழுகை. கேட்க முடியவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இத அடக்கணும்," என்றாள்.

"என்ன மச்சி?"

"ஒடம்புல ஒரு துண்டு கெடச்சாலும் அடக்கணும்ல?"

"இது ஒடம்பு இல்ல மச்சி. எம்சீல்."

"எனக்குக் கெடச்சது இதுதான்." கையைத் திறந்து பார்த்தாள். "இந்த இரும்போட வேணாம். அறுத்து எடு. அவுகளுக்கு வலிக்காம அறு."

பட்டறையில் வைஸில் போல்ட்டைக் கவ்வக் கொடுத்து, இடது கையால் விரலைப் பிடித்துக்கொண்டு ஹாக்ஸாவை ஓட்டினான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதால் பிளேடு எங்கே போகிறது என்று சரியாகத் தெரியவில்லை. முக்கால்வாசி அறுத்தபோது வழுக்கியது. சாம்பல் விரலின்மேல் சிவப்பாகச் சொட்டியபோதுதான் வெட்டு தன் கட்டைவிரலில் என்று தெரிந்தது.

"கையில வெட்டு விழுந்தாப் பதறாத. மஞ்சள வை, கறுப்பு டேப்பச் சுத்து. புண்ணு மூடுறவரைக்கும் பிரிக்காத." இதுவும் அந்தக் காசெட்டில் இருந்ததுதான். உள்ளே யாரும் டேப் ரெக்கார்டர் போடவில்லை. ஆனால் அந்த வரி அண்ணன் குரலிலேயே அவன் காதில் விழுந்தது. மஞ்சள் வைத்தான், இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினான்.

ஜெக்கரியாவின் வெள்ளைக் கைக்குட்டையில் அனீஸா அதைச் சுற்றிக் கொடுத்தாள். கொல்லையில் மருதாணிச் செடிக்கு அடியில் ஒரு முழம் தோண்டி ஜாஃபர் வைத்தான். அலம்பாமல் விட்ட அவன் ரத்தம் கைக்குட்டையில் ஊறியிருந்தது. தெரிந்த பாத்திஹாவை ஓதினான். மண்ணைத் தள்ளும்போது துணிக்குள் அது கொஞ்சம் புரண்ட மாதிரி இருந்தது. கைக்குட்டை முடிச்சு தளர்ந்திருக்கும். திரும்பிப் பார்த்தபோது அனீஸா கருகமணியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடு அறையில் திரை தொங்கியது. இத்தா முடிகிறவரை, நாலு மாதமும் பத்து நாளும், கொழுந்தன் உட்பட அந்நிய ஆண் கண்ணில் படாமல் அதற்குள் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காரோடு வந்த பக்கீர் முகம்மது திரையைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வயலில் தண்ணீர் ஏற்றிய இன்ஜின்கள் இப்போது தண்ணீரை வடிக்க ஓடின. தங்கையன் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பம்போடு வந்தார்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றான் ஜாஃபர். "இத்தன நாளா நான் வச்சது காக்கா விரல் இல்ல. செஞ்ச விரல். இனிமே அதுவும் கெடையாது. வேணும்னா என் விரல வைக்கிறேன். வேணாம்னா எடுத்துட்டுப் போயிருங்க."

தங்கையன் சாக்கிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். "தெரியும் மாப்ள. தம்மாம்ல இருந்தவரு இங்க எப்புடி வைப்பாரு? நாங்க என்ன கூமுட்டைங்களா? மனசுக்கு ஒண்ணு வேணும்ல. வையி, ஒன் விரலயே வையி."

ஜாஃபருக்கு என்னவோ போலாகிவிட்டது. இதற்கா அவ்வளவு பயந்தான்! எம்சீலைப் பிசைந்து அடைத்து நீவினான். இடது கை டேப்பைப் பிரித்தான். காயம் ஆறி நாளாகியிருந்தது, டேப்பைப் பிரிக்கத்தான் மனம் வந்திருக்கவில்லை. தண்ணீர் தொட்டு அழுத்தி எடுத்தான்.

தங்கையன் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பம்பைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கி விறுவிறுவென்று போனார். எப்போதும் போய்வருகிறேன் என்று சொல்கிற மனிதர்.

ஜாஃபர் தன் விரலைத் திருப்பிப் பார்த்தான். ரேகையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு சாய்வாகப் போனது தழும்பு. அதே வைஸ், அதே ஹாக்ஸா, அதே கை. வேறு எங்கே விழும்? அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்கு உம்மா கிண்டியைக் கொண்டுவந்தாள். பழைய ஒட்டு மழை ஈரத்தில் தானாகவே விட்டுப்போய் மூக்கு கையோடு வந்துவிட்டது, யாரும் உடைக்கவில்லை என்று அவளே சொன்னாள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தான். விரலைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நீவினான். மூக்கு நிமிர்ந்து நிற்க ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எதனால் பிடிப்பது? கட்டைவிரலால்தான் பிடிக்க முடியும். எடுத்தபோது பதிந்திருந்தது. அதைத் திரும்ப நீவி அழிப்பதற்குள், பாங்கு சொல்லியாச்சு கொடுடா என்று உம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் பின்னாலேயே ஓடினான். திரைக்கு இந்தப் பக்கம் நின்றான். உள்ளே அனீஸா கிண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

"ஜாஃபரு." அனீஸாவின் குரல் மிகவும் மெதுவாக வந்தது. "அதத் தோண்டி எடுத்துட்டியா?"

கொல்லைப்பக்கம் பார்த்தான். மருதாணிச் செடியடியில் மண் அன்றைக்கு மூடியது மாதிரியே மழையில் இறுகிக் கிடந்தது. தன் விரல்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அந்தக் குழியையும் தழும்பையும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளிடம், இது நான் என்று எப்படிச் சொல்வது?

"இல்ல மச்சி," என்றான்.

 அவன் நின்றுகொண்டே இருந்தான். அப்புறம் உள்ளே பீங்கான் தட்டு ஒன்று ஓங்கித் தரையில் போட்டு உடைக்கப்படுகிற சத்தம் கேட்டது.